வாய்க்கு எட்டாத கை: மூட்டுகளின் அமைப்பும் அவை செய்யும் வேலையும்

எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் சாப்பாடு சஹனில்தான் வரும். பெரிய தட்டொன்றில் சோறும் கறியும் நிறைத்து வைப்பார்கள். பாயில் அமர்ந்து, அதைச் சுற்றி ஐந்தாறு பேர் ஒன்றாகச் சாப்பிடுவோம். 1991இல் என் ராத்தாவின் கல்யாணத்தில் நான் அப்படி ஒரு சஹனில் அமர்ந்தேன். சோற்றைப் பிசைந்து எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கை நோகவில்லை. எலும்பு பொருந்தி மாதக்கணக்காகியிருந்தது. ஆனால் முழங்கை செங்கோணத்துக்குச் சற்று மேல் வரை மடங்கி அங்கேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் பார்ப்பதற்குள் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

நான் சூடுபட்டவன் அல்லன். 1990 ஜூன் மாதம் போர் மீண்டும் தொடங்கிய நாட்களில், மருதமுனையில் சனம் இருட்டில் ஓடிய ஓர் இரவில் மதில் ஏறிப் பாய்ந்தபோது வலது முழங்கை தரையில் அடிபட்டது. கட்டுப் போட்டவர்கள் மூன்று வாரத்தில் வரச் சொன்னார்கள். பாதைகள் மூடிக் கிடந்தன. கட்டை அவிழ்க்க மூன்று மாதமாயிற்று. அந்த வருடம் எங்கள் கரையோரத்தில் தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் உயிர்களே போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் முழங்கையைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமிருக்கவில்லை. எனக்கும்தான்.

பிறகு நான் விஞ்ஞான ஆசிரியரானேன். கல்முனைப் பக்கப் பாடசாலைகளில் மனித வன்கூட்டைப் பல வருடங்கள் படிப்பித்தேன். போன மாதம் என் மருமகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, கட்டு அவிழ்த்த கையைத் துணியில் தொங்கவிட்டபடி வீட்டுக்கு வந்தான். அசைத்துப் பார்க்கச் சொன்னேன். “நோகுது மாமா, உம்மா அசைக்க வேணாமெண்டு சொன்ன” என்றான். அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லவே இந்தக் கட்டுரை. போரும் சுனாமியும் நம்மிடம் விட்டுச்சென்ற முடங்கிய கைகால்களில் பல, காயத்தினால் மட்டும் முடங்கியவை அல்ல. காயத்துக்குப் பின் வந்த அசைவற்ற மாதங்களுக்கும் அதில் பங்குண்டு. ஏன் என்று விளங்க, மூட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு எலும்புகளுக்கு நடுவில்

வளர்ந்தவரின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உண்டு. அவை சந்திக்கும் இடங்கள் எல்லாம் மூட்டுகள்தான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி அசைவதில்லை. மண்டையோட்டின் எலும்புகள் நாரினால் தைக்கப்பட்டவை போல் இணைந்திருக்கின்றன. அவற்றின் வேலை மூளையைக் காப்பது. எனவே அசைவு அங்கே தேவையில்லை. முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே கசியிழையத் தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சமாகத்தான் வளையும். எல்லாம் சேர்ந்தால் குனிந்து நாற்று நடலாம். மூன்றாவது வகைதான் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற, தாராளமாக அசையும் மூட்டுகள்.

இந்த மூன்றாவது வகையின் உள்ளே என்ன இருக்கிறது? எலும்பின் நுனிகளைச் சில மில்லிமீற்றர் தடிப்பான, வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கிறது. இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு பை சுற்றியிருக்கிறது. அந்தப் பையின் உட்சவ்வு முட்டையின் வெள்ளைக்கரு போன்ற ஒரு திரவத்தைச் சுரக்கிறது. வெளியே எலும்பையும் எலும்பையும் கட்டும் இணைப்பு நார்கள். அவற்றுக்கு மேலே தசைகள். பனிக்கட்டி மீது பனிக்கட்டி வழுக்குவதைவிட நல்ல மூட்டுக்குள் உராய்வு குறைவு.

இங்கே ஒரு விடயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கசியிழையத்துக்கு இரத்தக் குழாய் கிடையாது. அதற்கு உணவு அந்தத் திரவத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. மூட்டு அழுத்தப்படும்போது கசியிழையம் பஞ்சு போலத் திரவத்தை வெளியே விடும். அழுத்தம் விலகும்போது உறிஞ்சிக்கொள்ளும். அதாவது அசைந்தால்தான் அது சாப்பிடும். அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு.

தறியில் தெரியும் உடல்

மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். என் வாப்பாவும் நெசவாளர். அவர் தறியில் அமர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் மூட்டுகளின் வகைகளை நான் முதலில் விளங்கிக்கொண்டேன். புத்தகம் பின்னர்தான் வந்தது. ஒரு கை கயிற்றை இழுக்கும், நாடா பாவுக்குள்ளால் பாயும். மற்றக் கை அச்சைத் தன் பக்கம் இழுத்து ஊடையை அடிக்கும். கால்கள் மாறி மாறி மிதிகட்டையை மிதிக்கும். ஒரு நாளில் இது ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்.

கயிற்றை இழுக்கும் தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு. ஆனால் கிண்ணம் மிகவும் சின்னது. தேநீர்க் கரண்டியில் வைத்த தேசிக்காய் போல, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றிலொரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே ஒரு நேரத்தில் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கையை மேலே, பின்னே, பக்கவாட்டில் என்று எந்தப் பக்கமும் சுழற்றலாம். அதற்குக் கொடுக்கும் விலை, பெரிய மூட்டுகளில் அடிக்கடி கழன்றுவிடுவது தோள்தான். எலும்பு பிடித்து வைக்காத அந்தத் தலையை நான்கு சிறிய தசைகள் சுற்றி நின்று பிடித்து வைக்கின்றன. அவை மெலிந்தால் தோள் தளரும்.

வாப்பா அமர்ந்திருந்த இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுத்தான். ஆனால் அங்கே பந்து சிரட்டைக்குள் பாதிக்கு மேல் இறங்கிக் கிடக்கிறது. உடலின் மிகப் பலமான இணைப்பு நார்களுள் சில அதைச் சுற்றிக் கட்டியிருக்கின்றன. தோள் அளவுக்கு அது சுழலாது. ஆனால் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நடக்கும். இடுப்பு கழல வேண்டுமென்றால் வாகன விபத்துப் போன்ற பெரிய அடி வேண்டும். இரண்டும் ஒரே வகை மூட்டு. கிண்ணத்தின் ஆழம் மட்டும் வேறு. அந்த ஆழம்தான் ஒன்றை எட்டிப் பிடிக்கவும் மற்றதைத் தாங்கி நிற்கவும் வைத்தது.

மூட்டுகளைப் பற்றிய அடிப்படை விதி இதுதான். கூடுதலாக அசையும் மூட்டு உறுதியைக் கொஞ்சம் இழக்கிறது. கூடுதலாக உறுதியான மூட்டு அசைவைக் கொஞ்சம் இழக்கிறது. எதை எவ்வளவு இழப்பது என்பதை அந்த உறுப்பின் வேலை தீர்மானிக்கிறது.

இன்னும் மூன்று இடங்களைச் சொல்ல வேண்டும். முன்கையில் ஆரை, அரந்தி என இரண்டு எலும்புகள். ஆரை அரந்தியைச் சுற்றிப் புரளும்போது உள்ளங்கை மேலே பார்க்கும், கீழே பார்க்கும். துஆவுக்குக் கையேந்துவதும், கோயிலில் பிரசாதம் வாங்குவதும், பூட்டில் திறப்பைத் திருப்புவதும் இந்தச் சுழல் மூட்டின் வேலை. அறுந்த நூலை முடிச்சுப் போடும் பெருவிரலின் அடியில் இருப்பது குதிரைச் சேணம் போன்ற மூட்டு. அதனால்தான் பெருவிரல் மற்ற நான்கு விரல்களையும் தொட முடிகிறது. தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்கக் கழுத்தைத் திருப்புகிறோமே, அந்தத் திருப்பத்தில் கிட்டத்தட்டப் பாதி கழுத்தின் மேலிருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையில் மட்டும் நடக்கிறது.

முழங்கால்: கதவுப் பிணைச்சல் அல்ல

முழங்காலைப் பிணைச்சல் மூட்டு என்று நாங்கள் படிப்பிக்கிறோம். ஓடாவியார் கதவுக்குப் போடும் பிணைச்சலுக்கு ஓர் அச்சு உண்டு. கதவு அதைச் சுற்றியே திரும்பும். முழங்காலுக்கு அப்படி ஓர் அச்சு இல்லை. தொடை எலும்பின் இரண்டு உருண்ட முனைகள் கீழே இருக்கும் தட்டையான எலும்பின் மேல் உருண்டுகொண்டே வழுக்குகின்றன. இந்த இசைவின்மையைச் சரிசெய்ய இடையில் இரண்டு பிறை வடிவக் கசியிழையத் தட்டுகள். உள்ளே குறுக்கும் மறுக்குமாக இரண்டு இணைப்பு நார்கள், பக்கங்களில் இரண்டு. கால் முழுதாக நிமிரும் கடைசிக் கட்டத்தில் இரு எலும்புகளும் சற்றே திருகிப் பூட்டிக்கொள்கின்றன. அதனால்தான் தறிக்கடையிலும் சந்தையிலும் மணிக்கணக்காக நிற்கும்போது தொடைத் தசைகள் அவ்வளவு களைப்பதில்லை. முன்னாலிருக்கும் சிரட்டை, தொடைத் தசையின் இழுவையை எலும்பிலிருந்து தள்ளிப் பிடித்து, அதே பலத்துக்குக் கூடுதல் வேலை வாங்கித் தருகிறது.

சமதரையில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 60 பாகை மடங்கினால் போதும். கதிரையிலிருந்து எழ 90 பாகைக்குச் சற்று மேல் வேண்டும். ஆனால் நாம் கதிரையில் மட்டும் வாழ்பவர்கள் அல்லர். பாயில் அமர்கிறோம், குந்தி மலசலகூடம் போகிறோம், வயலில் குந்தியிருந்து களை பிடுங்குகிறோம். ஒரு நாளின் ஐந்து நேரக் கடமையான தொழுகையில் 17 ரக்அத்துகள், அவற்றில் 34 ஸுஜூதுகள். நெற்றியைத் தரையில் வைத்து எழுந்து குதிகாலின் மேல் அமரும்போது முழங்கால் 140 பாகையையும் தாண்டி மடங்குகிறது. கணுக்கால் நீள்கிறது. ஊன்றிய பாதத்தின் விரல்கள் பின்னோக்கி வளைகின்றன. கோயிலில் விழுந்து வணங்கி எழுபவருக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான்.

ஆகவே, “முழங்கால் நல்லா வந்திட்டு” என்று வைத்தியசாலையில் சொல்வதும் வீட்டில் சொல்வதும் வெவ்வேறு பொருளுடையவை. வழமையான செயற்கை முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் 110, 120 பாகை மடங்கினால் நல்ல பலன் என்பார்கள். கதிரை வாழ்க்கைக்கு அது தாராளம். பாய் வாழ்க்கைக்குப் போதாது. இன்று எங்கள் பள்ளிவாசல்களின் ஓரங்களில் பிளாஸ்டிக் கதிரைகளில் அமர்ந்து தொழும் முதியவர்களைப் பார்க்கிறோம். இயலாதவருக்கு மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் கதிரைக்குப் போன முழங்கால் ஒவ்வொரு நாளும் முழுதாக மடங்கிய பழக்கத்தை விட்டுவிடுகிறது. தேய்மானத்துக்காகக் கதிரையைப் பிடித்தவர்கள், வீட்டில் கட்டிலில் படுத்தாவது முழங்காலை இயன்ற அளவு மடக்கி நீட்டி வர வேண்டும்.

முழங்கை ஏன் இவ்வளவு சீக்கிரம் இறுகுகிறது?

என் கதைக்கு வருகிறேன். முழங்கை ஒரே பைக்குள் இருக்கும் மூன்று மூட்டுகள். மேற்கை எலும்பின் அடியில் கிணற்றுக் கப்பி போன்ற ஓர் உருளை இருக்கிறது. அரந்தி அதைக் குறடு போலக் கவ்விப் பிடித்திருக்கிறது. இதைவிட இறுக்கமாகப் பொருந்தும் மூட்டு உடலில் அதிகம் இல்லை. அந்தப் பொருத்தம்தான் முழங்கையின் பலம். அதுவே அதன் பலவீனமும் ஆகிறது. இடைவெளி குறைந்த இடத்தில் சிறிய வடுவும் பெரிய தடையாகும். அடிபட்டால் அதன் முன்பக்கப் பை தடித்துச் சுருங்குகிறது. அசையாமல் விட்டால் சுருங்கியபடியே ஒட்டிக்கொள்கிறது. மேலே கிடக்கும் தசை மெலிகிறது. உள்ளே கசியிழையம் நலிகிறது.

உடைந்த எலும்புக்கு ஓய்வு வேண்டும். மூட்டுக்கு அசைவு வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலான வழக்கு மருத்துவத்தில் மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ், நீண்ட இடைவிடாத ஓய்வையே வலியுறுத்தினார். அவர் எலும்பு முறிவு வைத்தியப் பரம்பரையில் வந்தவர், நம் முறிவு நெரிவு வைத்தியர்களைப் போல. அதே காலத்தில் பிரான்சின் லூக்கா ஷாம்பியோனியர் அசைவே மருந்து என்று வாதிட்டார். 1958இல் சுவிற்சர்லாந்தில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் குழு, முறிந்த எலும்பை உலோகத் தகட்டாலும் திருகாணியாலும் உறுதியாகப் பிணைக்கும் முறையைப் பரப்பத் தொடங்கியது. அதன் நோக்கங்களில் ஒன்று, மூட்டைச் சீக்கிரமாக அசைக்க விடுவது. 1970களில் ரொறன்ரோவில் றொபேட் சால்டர் முயல்களில் செய்த சோதனைகள், காயப்பட்ட கசியிழையம் அசையாதிருக்கும் மூட்டைவிட மெல்ல அசைந்துகொண்டிருக்கும் மூட்டில் நன்றாக ஆறுவதைக் காட்டின.

இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது இதுதான்: முறிவு உறுதியாக இருந்தால் முழங்கையை நீண்டகாலம் கட்டி வைக்கக்கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் போகப் போக விறைப்பு நிலைக்கும் ஆபத்துக் கூடுகிறது. என் கை மூன்று மாதம் கட்டுக்குள் இருந்தது.

1992இல் மட்டக்களப்பில் இயன் மருத்துவர் ஒருவரிடம் போனேன். தமிழ் அம்மா ஒருவர். இடையில் எத்தனை சோதனைச் சாவடிகள் என்பதை அந்தக் காலத்தில் பயணம் செய்தவர்கள் அறிவார்கள். அவர் என் கையைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, எந்தக் கையால சாப்பிடுற?” சஹன் கதையைச் சொன்னேன். “அப்ப நீட்டுறத விடுவம். மடக்குறதப் பாப்பம்” என்றார்.

அது எவ்வளவு சரியான முடிவு என்பது பின்னர்தான் விளங்கியது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேர்னாட் மொறேயும் அவரது குழுவினரும் அன்றாட வேலைகளுக்கு முழங்கை எவ்வளவு அசைய வேண்டும் என்று அளந்து 1981இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான வேலைகளுக்கு 30 பாகையிலிருந்து 130 பாகை வரையான அசைவு போதும் என்பது அவர்களது கணக்கு. நீட்ட முடியாத 30 பாகையைச் சமாளிக்கலாம். ஓரடி முன்னே வைத்தால் பொருள் எட்டிவிடும். மடக்க முடியாததைச் சமாளிக்க வழி குறைவு. வாயை நோக்கி நடந்து போக முடியாது.

எட்டு மாதம் பயிற்சி செய்தேன். என் முழங்கை இன்று ஏறக்குறைய 125 பாகை வரை மடங்குகிறது. நீட்டும்போது 35 பாகை குறைகிறது. வாய்க்கு எட்டாத கொஞ்சத்தைக் கழுத்தும் மணிக்கட்டும் தந்துவிடுகின்றன. நான் சாப்பிடும்போது தலையைச் சற்று முன்னே குனிப்பதைப் பசி என்று நினைப்பவர்களும் உண்டு.

நண்பரின் பாதம்

மூட்டு போனால் என்ன செய்வது? பாண்டிருப்பில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், கமக்காரர். மிதிவெடியில் இடது பாதத்தை இழந்தவர். சத்திரசிகிச்சை செய்தவர்கள் அவருடைய முழங்காலைக் காப்பாற்றிவிட்டார்கள். அது சாதாரண உதவி அல்ல. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் செயற்கைக் காலுடன் நடக்கச் சராசரியாகக் காற்பங்கு அளவு கூடுதல் சக்தி செலவாகும். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அது பாதிக்கும் மேல். ஒரு மூட்டு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு அது.

அவர் முதலில் அணிந்த செயற்கைப் பாதத்துக்குக் கணுக்கால் அசைவு இல்லை. சப்பாத்துப் போட்டுச் சமதரையில் நடப்பதற்காகச் செய்யப்பட்ட பாதம் அது. குந்த முடியாது. வரம்பில் நடந்தால் சறுக்கும். வெறும்பாதம் செய்யும் வேலையை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். பாதம் ஒன்றில் 26 எலும்புகள். கணுக்காலுக்குள் இருக்கும் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கிறது. குந்தும்போது அந்த அகலப் பக்கம் ஆப்பு போல உள்ளே இறுகிக் காலை உறுதியாக்குகிறது. அதற்குக் கீழே இருக்கும் மூட்டு பாதத்தை உள்ளேயும் வெளியேயும் சரித்துக் கொடுக்கிறது. சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் புதையும் மணலில் பின்னோக்கி நடப்பது அந்தச் சரிவினால்தான்.

இந்தச் சிக்கலை 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் இருவர் தீர்த்தார்கள். ஒருவர் சவாய் மான்சிங் வைத்தியசாலையின் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தி. மற்றவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். நோயாளிகள் தரையில் அமர்வதையும், குந்துவதையும், வெறுங்காலுடன் வயலில் இறங்குவதையும் பார்த்து, இறப்பரும் மரமும் கொண்டு ஒரு பாதத்தைச் செய்தார்கள். அதில் பிணைச்சலும் இல்லை, அச்சும் இல்லை. இறப்பர் தானே வளைந்து, கணுக்காலின் மடக்கத்தையும் பாதத்தின் சரிவையும் ஓரளவுக்குத் தந்தது. சேறும் நீரும் உள்ளே போகாமல் தோல் நிறத்தில் மூடியிருந்தது. சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. 1980களிலேயே அந்தப் பாதம் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டது. எத்தனையோ போர்களில் கால் இழந்தவர்கள் அதை அணிந்து நடக்கிறார்கள். பிற்காலத்தில் ஜெய்ப்பூர் நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து, முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்காக மலிவான செயற்கை முழங்கால் ஒன்றையும் உருவாக்கினார்கள். அதில் ஒற்றை அச்சுக்குப் பதில் நான்கு இணைப்புகள். இயற்கையான முழங்கால் ஓர் அச்சில் சுழல்வதில்லை என்பதை மேலே பார்த்தோம்.

என் நண்பருக்குப் பின்னர் அத்தகைய வளையும் பாதம் ஒன்று கிடைத்தது. இப்போது அவரே வரம்பு கட்டுகிறார். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. ஏற்கெனவே வெடித்தவற்றின் கணக்கு அவரைப் போன்றவர்களின் கால்களில் இருக்கிறது.

செய்யக்கூடியதும் கூடாததும்

மருமகனுக்குச் சொன்னவற்றை இங்கே ஒழுங்காகத் தருகிறேன். வைத்தியரின் ஆலோசனைக்கு இவை பதிலாகா. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

முதலாவது, கட்டுப் போட்ட அன்றே கேளுங்கள்: இதை எப்போது அவிழ்ப்பீர்கள், எந்த மூட்டுகளை இன்றே அசைக்கலாம்? முழங்கை கட்டுக்குள் இருந்தாலும் விரல்களும் தோளும் வெளியேதான் இருக்கின்றன. தடை சொல்லாவிட்டால் அவற்றை நாள்தோறும் அசைக்க வேண்டும். கட்டுக்குள் நோவு கூடிக்கொண்டே போனால், விரல்கள் மரத்தால், நீலம் பாய்ந்தால், விடியும் வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இரண்டாவது, கட்டு அவிழ்த்ததும் நீங்களே உங்கள் தசையால் அசைப்பதுதான் முதல் மருந்து. வெந்நீர்த் துணியால் சூடு கொடுத்து, கையை மேசையில் வைத்து, இதமாக மடக்கி நீட்டுங்கள். இழுபடும் நோவு வரும், அது பரவாயில்லை. இரவு முழுக்க நின்று குத்தும் நோவும் வீக்கமும் வந்தால் கூடிப்போயிற்று என்று பொருள். ஒரே தடவையில் ஒரு மணி நேரம் வதைப்பதைவிட, ஒரு நாளில் ஐந்து தடவை பத்து நிமிடம் நல்லது. நான் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் செய்தேன். மறதி வரவில்லை.

மூன்றாவது, புதிதாக அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டுப் பலமாக உருவவோ, பிறர் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்கவோ விடாதீர்கள். முழங்கைக்கு முன்னாலிருக்கும் தசைக்குள் மீண்டும் இரத்தம் கசிந்து, நாளடைவில் அங்கே எலும்பே வளரலாம். நல்ல எண்ணத்தில் செய்யும் உருவலே மூட்டை நிரந்தரமாகப் பூட்டிவிடும். எங்கள் முறிவு நெரிவு வைத்தியர்களில் அனுபவசாலிகள் இதை அறிவார்கள்.

நான்காவது, வைத்தியரிடமும் இயன் மருத்துவரிடமும் நோவை மட்டும் சொல்லாதீர்கள், உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள். தரையில் அமர்வேன், குந்துவேன், தறி மிதிப்பேன், வள்ளம் தள்ளுவேன், இந்தக் கையால் சாப்பிடுவேன் என்று சொல்லுங்கள். எத்தனை பாகை வேண்டும் என்பதை அதிலிருந்துதான் அவர்கள் கணக்கிட முடியும்.

ஐந்தாவது, பழைய விறைப்பு என்று கைவிடாதீர்கள். ஒரு வருடத்துக்குப் பின் பயிற்சியால் மட்டும் கிடைப்பது குறைவுதான். ஆனால் இறுகிய பையைச் சத்திரசிகிச்சையால் விடுவிக்கும் முறைகள் உண்டு. எலும்பு முறிவுச் சிகிச்சை நிபுணரிடம் ஒரு தடவையாவது காட்டிக் கேளுங்கள். சுனாமியில் கால் நசுங்கி, முகாமில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்து, “இனி இப்படித்தான்” என்று இருந்துவிட்டவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய மூட்டை யாரும் அளந்தே பார்த்ததில்லை.

அளப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. கையை முடிந்தவரை மடக்கி, பெருவிரல் நுனிக்கும் தோளுக்கும் இடையில் மற்றக் கையின் விரல்களை வைத்து எண்ணுங்கள். மட்டக்களப்பு அம்மா எனக்குக் கற்றுத்தந்தது அது. மருமகன் வந்த அன்று அவனுக்குப் பதினொரு விரல் இடைவெளி. அவனுடைய உம்மா பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். சுவரில் பென்சிலால் எழுதி வைத்தோம். போன வெள்ளிக்கிழமை ஐந்து. என்னுடையது முப்பது வருடத்துக்கும் மேலாக நான்கில் நிற்கிறது. அதை அவன் தாண்டிவிட்டால் சொல்லியனுப்பச் சொல்லியிருக்கிறேன்.